பாடினால் குரல் பின்தங்கி வருகிறது: சாஃப்ட்வேரை மாற்றணுமா?

ஜூன் 9, காலை

கேட்டிருப்பவர் ஒரு பாட்டு டீச்சர். அவர் எழுதியதை அப்படியே வைக்கிறேன்:

"வீட்டிலிருந்தே மாணவிகளுக்குப் பாடம் பதிவு செய்து அனுப்பலாம் என்று லேப்டாப்பில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு சாஃப்ட்வேர் போட்டுக்கொண்டேன். மைக், அதை லேப்டாப்போடு இணைக்கும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி, ஹெட்ஃபோன் எல்லாம் புதிது. பாடினால் என் குரல் ஹெட்ஃபோனில் கொஞ்சம் பின்னால் வருகிறது. தாளமே தப்பிவிடுகிறது. சாஃப்ட்வேர் சரியில்லை, வேறு போடுங்கள் என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். கடைக்காரர் லேப்டாப்பையே மாற்றச் சொல்கிறார். எதை மாற்றட்டும்?"

எதையும் மாற்ற வேண்டாம் டீச்சர். முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஹெட்ஃபோன் வயர் உள்ளதா, ப்ளூடூத்தா? அது லேப்டாப்பில் செருகியிருக்கிறதா, இன்டர்ஃபேஸிலா? ரீப்பர் ஜன்னலின் வலது மேல் மூலையில் சின்ன எழுத்தில் என்ன காட்டுகிறது? அந்த வரியை அப்படியே பார்த்து எழுதி அனுப்புங்கள்.

ஜூன் 9, இரவு

பதில் வருவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குள்ளேயே நாலு பேர் வந்து நாலு சாஃப்ட்வேர் பெயர் சொல்லிவிட்டீர்கள். கியூபேஸ், எஃப்எல் ஸ்டூடியோ, ஏபிள்டன், ஆடாசிட்டி. எல்லாம் நல்லவைதான். ஆனால் குரல் தாமதமாக வருவதற்கும் இந்தப் பெயர்களுக்கும் தொடர்பு மிகக் குறைவு. குரல் மைக்கில் விழுந்து, இன்டர்ஃபேஸில் எண்ணாக மாறி, டிரைவர் (கருவியையும் கணினியையும் பேசவைக்கும் சின்ன நிரல்) வழியாக சாஃப்ட்வேருக்குள் போய், அங்கே போட்டிருக்கும் எஃபெக்டுகளைத் தாண்டி, மறுபடி டிரைவர், மறுபடி இன்டர்ஃபேஸ், ஹெட்ஃபோன், காது. இந்தப் பாதையில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் சாஃப்ட்வேரை மாற்றினால், அதே தாமதம் புது சாஃப்ட்வேரிலும் வந்து உட்காரும். அதற்குள் பழைய சாஃப்ட்வேரில் பழகிய கொஞ்சமும் மறந்துபோயிருக்கும்.

உதவி கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேரை இப்படித்தான் இழக்கிறோம். மூன்றாவது சாஃப்ட்வேரை நிறுவி முடித்ததும் "இது நமக்கு வராது" என்று முடிவு கட்டி மைக்கை அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

ஜூன் 10

டீச்சர் எழுதிவிட்டார். வயர் ஹெட்ஃபோன். இன்டர்ஃபேஸில்தான் செருகியிருக்கிறார். மூலையில் உள்ள வரியில் 48 கிலோஹெர்ட்ஸ் என்றும், கடைசியில் டைரக்ட்சவுண்ட் என்றும் இருக்கிறதாம்.

அந்தக் கடைசி வார்த்தைதான் விஷயம். டைரக்ட்சவுண்ட் பாட்டுக் கேட்கவும் விளையாட்டுக்கும் வந்த வழி. பாடிக்கொண்டே தன் குரலைக் கேட்க அது தோதுப்படாது. விண்டோஸில் அதற்கு ஆசியோ டிரைவர் வேண்டும். 1990களின் பிற்பகுதியில் ஸ்டைன்பர்க் கொண்டுவந்தது, இன்றைக்கும் அதுதான் நடப்பில் இருக்கிறது. உங்கள் இன்டர்ஃபேஸைச் செய்த கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கான டிரைவரை இறக்கி நிறுவுங்கள். செருகியதும் சத்தம் வந்ததே என்று இதை விட்டுவிடுகிறோம். சத்தம் வருவது விண்டோஸின் பொது டிரைவரால்.

அப்புறம் ரீப்பரில் கண்ட்ரோல் விசையோடு பி அழுத்தினால் ப்ரெஃபரன்சஸ் திறக்கும். ஆடியோவுக்குக் கீழே டிவைஸ். அதில் ஆடியோ சிஸ்டம் என்ற இடத்தில் ஆசியோவைத் தேர்ந்தெடுத்து, அடுத்த வரியில் உங்கள் இன்டர்ஃபேஸின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே ஆசியோ கான்ஃபிகரேஷன் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதற்குள் பஃபர் அளவு: 128 வையுங்கள்.

பஃபர் என்றால் என்ன என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கணினி ஒலியை ஒவ்வொரு துளியாக (இந்தத் துளிதான் சாம்பிள்) கையாளாது, ஒரு கூடை நிரம்பியதும் எடுத்துக்கொண்டு போகும். கூடையின் அளவுதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 48000 சாம்பிள் என்றால், 1024 அளவுள்ள கூடை நிரம்ப 21 மில்லிசெகண்ட் ஆகும். 256 என்றால் 5.3. 128 என்றால் 2.7. உள்ளே வர ஒரு கூடை, வெளியே போக ஒரு கூடை, அதோடு இன்டர்ஃபேஸ் எடுத்துக்கொள்ளும் நேரமும் சேரும். ஆகவே 1024-ல் போய் வர 40 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிவிடும்.

40 என்றால் எவ்வளவு? காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர் போகும். கிட்டத்தட்ட 14 மீட்டர் தள்ளி நின்று ஒருவர் உங்கள் குரலைத் திருப்பிச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். தாளம் தப்பாமல் என்ன செய்யும்? டீச்சர் மேல் ஒரு குறையும் இல்லை.

ஜூன் 11

தாமதம் போய்விட்டதாம், ஆனால் "இப்போது குழாய்க்குள் பாடுவது போல இருக்கிறது, குரல் மெலிந்து ஒலிக்கிறது" என்கிறார்.

நல்ல செய்தி. இரண்டு குரல் கேட்கிறது. இன்டர்ஃபேஸின் முகப்பில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தான் இருக்கும். அது மைக்கின் ஒலியைக் கணினிக்குள் அனுப்பாமலே நேராக ஹெட்ஃபோனுக்குத் தருகிறது. ரீப்பரில் டிராக்கில் ரெக்கார்ட் மானிட்டரிங்கும் போட்டிருக்கிறீர்கள், அது கணினிக்குள் போய் வந்த குரல். இரண்டுக்கும் நடுவே சில மில்லிசெகண்ட் இடைவெளி. ஒன்றோடொன்று சேரும்போது சில சுருதிகள் கூடும், சில அடிபட்டுப் போகும். அந்தக் குழாய்ச் சத்தம் அதுதான்.

ஒன்றை அணையுங்கள். எதை என்றால், பாடம் மட்டும் பதிவு செய்யும்போது ரீப்பரில் உள்ளதை அணைத்துவிட்டு டைரக்ட் மானிட்டரை வைத்துக்கொள்ளுங்கள். தாமதமே இருக்காது. ஹெட்ஃபோனில் கொஞ்சம் ரிவெர்ப் (எதிரொலிச் சாயல்) இருந்தால்தான் பாட வருகிறது என்பவர்கள் ரீப்பர் பக்கம் வைத்துக்கொள்ளலாம். பலருக்கு அப்படித்தான், அதில் தப்பே இல்லை. உலர்ந்த குரலைக் கேட்டுக்கொண்டு கார்வை நிற்பது கஷ்டம்.

ஜூன் 12

"ஐ5 ப்ராசஸர் போதாது, ஐ7 வாங்கச் சொல்லுங்கள்" என்று வந்த குறிப்புக்கு.

ஒரு தம்புரா டிராக், ஒரு குரல், ஒரு தாள டிராக். இதற்குப் பத்து வருடப் பழைய லேப்டாப் போதும். ரீப்பர் நிறுவும் கோப்பே சில பத்து எம்பிதான். வின்ஆம்ப்பை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கல் ஆரம்பித்த காக்கோஸ் கம்பெனியின் தயாரிப்பு. கைக்கடக்கமான நிரல் எழுதுகிற அந்தப் பழக்கம் இதிலும் தெரிகிறது. 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவரிடம் அரை லட்சம் ரூபாய் லேப்டாப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதையெல்லாம் பார்க்க வேண்டாமா?

ஜூன் 13

மறுபடி தாமதம். டைரக்ட் மானிட்டரை விட்டு ரீப்பர் வழியாகக் கேட்கிறார். பஃபரை 64 வரை குறைத்தும் போகவில்லையாம். நேற்று முன்தினம் சரியாக இருந்தது, இன்றைக்கு இல்லை. நடுவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை என்றார். பிறகு யோசித்து, மின்விசிறிச் சத்தத்தைக் குறைக்க யாரோ சொல்லிக் கொடுத்த எஃபெக்ட் ஒன்றை, எல்லா டிராக்குகளும் வந்து சேரும் மாஸ்டரில் போட்டதாகச் சொன்னார்.

ரியாஃபிர். ரீப்பரோடு இலவசமாக வருவது, இரைச்சலின் சாயலைப் பிடித்துக் கழிப்பதற்கு நல்ல கருவி. ஆனால் அது ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்துத்தான் ஆராயும். சேர்ப்பதற்கு நேரம் வேண்டும். எஃபெக்ட் ஜன்னலின் அடியில், சிபியூ சதவீதத்துக்குப் பக்கத்தில், ஒரு எண்ணும் அதன் பின்னால் எஸ்பிஎல்எஸ் (சாம்பிள்கள்) என்ற எழுத்துகளும் இருக்கும். அங்கே என்ன காட்டுகிறது என்று கேட்டேன். 4096.

48000-க்கு 4096 என்றால் 85 மில்லிசெகண்ட். பஃபரை எவ்வளவு குறைத்தாலும் இந்த 85 அசையாது. மாஸ்டரில் இருப்பதால் தம்புரா, குரல் எல்லாமே அதைத் தாண்டித்தான் காதுக்கு வர வேண்டும். லீனியர் ஃபேஸ் ஈக்யூ, முன்கூட்டிப் பார்த்து அடக்கும் லிமிட்டர், மாஸ்டரிங்குக்கென்று வருகிற பெரிய பிளகின்கள் (சாஃப்ட்வேரில் சேர்க்கும் எஃபெக்டுகள்) எல்லாமே இந்தக் குணம் உள்ளவை. பாடும்போது அணைத்துவிடுங்கள், மிக்ஸ் செய்யும்போது போட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் 85 என்ன, 500 இருந்தாலும் ரீப்பரே எல்லா டிராக்குகளையும் வரிசைப்படுத்திக்கொள்ளும்.

பஃபரையும் 64-லிருந்து மேலே ஏற்றுங்கள். தேவையில்லாமல் குறைத்தால் படபடவென்று வெடிப்புச் சத்தம்தான் மிஞ்சும்.

ஜூன் 13, பின்னிரவு

"யாரோ சொல்லிக் கொடுத்த" என்ற இடத்திலேயே மனம் நிற்கிறது. சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் இதைப் போட்டால் பாடும்போது தாமதம் வரும் என்று சேர்த்துச் சொல்ல அரை வரி போதும். உதவி செய்கிற நாம் இந்த அரை வரியைத்தான் விட்டுவிடுகிறோம்.

ஜூன் 14

மின்விசிறி. இதற்குத் தனியாக எழுதணும்.

இரைச்சலைப் பிளகின் போட்டுக் கழிப்பதைவிட, மைக்கைக் கிட்டே கொண்டுவருவது எத்தனையோ மடங்கு மேல். வாயிலிருந்து இரண்டு சாண் தள்ளியிருக்கும் மைக்கை ஒரு சாணுக்குக் கொண்டுவந்தால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். மின்விசிறி அங்கேயே இருக்கும். அந்த 6 டெசிபலுக்கு கெயினை (மைக் ஒலியை ஏற்றி இறக்கும் அளவை) குறைத்துக்கொண்டால் விசிறிச் சத்தம் அந்த அளவு இறங்கிவிடும். கார்டியாய்ட் மைக் என்றால் முதுகுப் பக்கம் காது மந்தம். அந்த முதுகை விசிறியின் பக்கம் திருப்பி வையுங்கள். கெயினைப் பொறுத்தவரை, உரக்கப் பாடும்போது மீட்டர் -10-ஐ ஒட்டி நிற்கட்டும். 24 பிட்டில் பதிவு செய்யும்போது சிவப்பு வரை ஏற்றுவதில் ஒரு லாபமும் இல்லை.

நம் ஊர் வீடுகளில் இன்னொன்று உண்டு. கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது ஒரு ரீங்காரம் வரும். சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் மின்விசிறியே முனகும், லேப்டாப் சார்ஜர் வழியாகவும் மைக்கில் ஏறும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் வழி தெரிந்துவிட்டது. கரண்ட் இருக்கும்போதே ரீங்காரம் கேட்கிறது, சார்ஜரைப் பிடுங்கினால் போய்விடுகிறது என்றால் அது பெரும்பாலும் எர்த் சிக்கல். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தப் பிளக் பாயின்ட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கும் என்று அர்த்தம் இல்லை.

டீச்சர் அனுப்பிய மாதிரிப் பதிவில் இரண்டாவது சரணத்தில் குக்கர் விசில் ஒன்று வந்தது. பஞ்சமத்தை ஒட்டியே நின்றது. அதை எடுக்க வேண்டாம் என்றுகூடத் தோன்றியது.

ஜூன் 16

கல்லூரித் தம்பி ஒருவர் நடுவில் வந்து கேட்கிறார்: "அண்ணா, எனக்கும் இதே பிரச்சினை, நான் எஃப்எல்லில் ராப் பாடுகிறேன், ஆசியோ போட்டும் அரை செகண்ட் தாமதம், இயர்பட்ஸ் புதிது."

இயர்பட்ஸ் என்கிறாயே தம்பி, ப்ளூடூத்தானே? ஒலியைச் சுருக்கி, காற்றில் அனுப்பி, அங்கே விரிப்பதற்குள் நூறு, இருநூறு மில்லிசெகண்ட் போய்விடும். அதை எந்த செட்டிங்காலும் மீட்க முடியாது. அதன் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தினால் விண்டோஸ் அதைத் தொலைபேசிப் பேச்சுக்கான முறைக்கு மாற்றிவிடும், கேட்கும் தரமும் சரிந்துவிடும். கடையில் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வயர் இயர்ஃபோன் போதும். காதை நன்றாக அடைக்கிற மாதிரிப் பார்த்து வாங்கு, இல்லையென்றால் பீட் மைக்கில் கசியும்.

ஜூன் 17

டீச்சரின் அடுத்த சிக்கல் எனக்கு மிகவும் பிடித்தது. "நேற்று பதிவு செய்ததைத் திரும்பப் போட்டால் குரல் சின்னப் பெண் குரல் போல இருக்கிறது, தம்புராவோடு சேரவில்லை. நான் பாடும் சுருதி 5 கட்டை. பதிவில் 6 கட்டை போலத் தெரிகிறது."

காது என்றால் இது காது. ஒலி 44100 வேகத்தில் உள்ளே வந்து, அதை 48000 என்று எழுதி வைத்துக்கொண்டால், திரும்ப ஓட்டும்போது சுமார் 9 சதவீதம் வேகமாக ஓடும். சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் உயரும். 5 கட்டையில் பாடியது 5½-ஐத் தாண்டி 6-க்குச் சற்றுக் கீழே நிற்கும். டீச்சர் காதாலேயே அளந்து சொல்லிவிட்டார். எந்தக் கணினி நிபுணரும் இதைவிடத் துல்லியமாகக் குறை சொல்லி நான் பார்த்ததில்லை.

இன்டர்ஃபேஸின் கண்ட்ரோல் பேனலில் 44100 இருக்கும், ரீப்பரில் 48000 கேட்டிருப்பீர்கள். அல்லது யூடியூப் ஜன்னல் ஒன்று திறந்திருந்து விண்டோஸ் அதை மாற்றியிருக்கும். மூன்று இடத்திலும் ஒரே எண் இருக்கட்டும்: விண்டோஸ் ஒலி அமைப்பு, இன்டர்ஃபேஸ், ரீப்பரின் டிவைஸ் பக்கத்தில் ரெக்வெஸ்ட் சாம்பிள் ரேட். வீடியோவோடு சேர்க்கப் போகிறீர்கள் என்பதால் 48000.

கெட்டுப்போன பதிவைத் தூக்கிப்போட வேண்டாம். அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்துங்கள். ப்ளேபேக் ரேட் என்ற இடத்தில் 0.91875 என்று போட்டு, ப்ரிசர்வ் பிட்ச் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். 44100-ஐ 48000-ஆல் வகுத்தால் வருவது அந்த எண். குரல் வீட்டுக்கு வந்துவிடும்.

ஜூன் 17, மாலை

வந்துவிட்டதாம். "5 கட்டைதான், சுத்தமாக" என்று மட்டும் எழுதியிருக்கிறார். மனசு நிறைந்துவிட்டது.

ஜூன் 19

ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளத்தில் ஒரு கிருதி பதிவு செய்யணும், மெட்ரோநோம் நாலு நாலாக அடித்துக் கொல்கிறது என்கிறார்.

ப்ராஜெக்ட்டின் டைம் சிக்னேச்சரை 7/8 ஆக்குங்கள். அப்புறம் இன்சர்ட் மெனுவில் கிளிக் சோர்ஸ். அது ஒரு டிராக்கில் துண்டாக வந்து உட்காரும், வேண்டிய நீளத்துக்கு இழுத்துக்கொள்ளலாம். ஆனால் அது வழக்கமாக முதல் எண்ணிக்கைக்குத்தான் அழுத்தம் தரும். தகிட தகதிமி என்று 3+4 ஆகக் கேட்க வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்த சுலபமான வழி: நீங்களே ஒரு ஆவர்த்தனம் கையால் தட்டிப் பதிவு செய்யுங்கள், ஒவ்வொரு தட்டையும் திரையில் உள்ள கட்டக் கோடுகளோடு ஒட்ட வையுங்கள், அதை லூப் ஆக இழுங்கள். கண்ட சாபுவுக்கு 5/8, தக தகிட. ஆதி தாளம் 4/4-ல் இரண்டு பார், அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

ஒரு மிருதங்கக்காரர் இங்கே வந்து "கிளிக் வைத்துப் பாடினால் பாட்டு செத்துவிடும்" என்றார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆலாபனைக்கும் விருத்தத்துக்கும் கிளிக் எதற்கு? ரீப்பரில் கட்டமே இல்லை என்று நினைத்துக்கொண்டு பதிவு செய்யலாம், அது ஒரு டேப் ரெக்கார்டர்தான். ஆனால் மாணவி வீட்டில் தனியாக உட்கார்ந்து பழகும்போது காலப்பிரமாணம் நழுவாமல் இருக்க ஒரு துணை வேண்டும். பாடத்துக்கு வைத்துக்கொள்வோம், கச்சேரிக்கு வேண்டாம். அவரும் அதற்குச் சரி என்றுவிட்டார்.

ஜூன் 20

10-ஆம் தேதி 128 என்று எழுதியிருந்தேன். அதைக் கொஞ்சம் திருத்துகிறேன். டீச்சர் இப்போது டைரக்ட் மானிட்டரில் கேட்பதால் பஃபர் எவ்வளவு என்பது அவருக்கு முக்கியமே இல்லை. 512 வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பாடலாம், வெடிப்புச் சத்தமும் வராது. 128 என்பது சாஃப்ட்வேர் வழியாகத் தன் குரலைக் கேட்கிறவர்களுக்கும், கீபோர்டில் மென்பொருள் வாத்தியம் வாசிப்பவர்களுக்கும்.

128-லும் வெடிக்கிறது என்பவர்கள் மின்சார அமைப்பை ஹை பெர்ஃபார்மன்ஸில் வைத்து, பதிவு செய்யும் நேரம் மட்டும் வைஃபையை அணைத்துப் பாருங்கள். லேட்டன்சிமான் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. எந்த டிரைவர் குறுக்கே வந்து கணினியைப் பிடித்து வைக்கிறது என்று பெயரோடு சொல்லும்.

ஜூன் 22

டீச்சரின் மாணவி ஒருத்தி வயலின் வாசித்து அதே ப்ராஜெக்ட்டில் சேர்க்கிறாள். ஒவ்வொரு முறையும் வயலின் ஒரு மயிரிழை பின்னால் விழுகிறது. "பெண் தாளத்தில் கெட்டி, அவள் தப்பமாட்டாள்" என்கிறார் டீச்சர்.

சந்தேகம் வந்தால் அளந்து பார்த்துவிடுவோம். கிளிக் சோர்ஸை ஒரு டிராக்கில் வையுங்கள். இன்னொரு டிராக்கைப் பதிவுக்குத் தயார் செய்யுங்கள், ஆனால் மானிட்டரிங்கை அணைத்துவிடுங்கள், டைரக்ட் மானிட்டரையும். இல்லையென்றால் ஊளையிடும். இப்போது ஹெட்ஃபோனின் ஒரு காதை மைக்கின் முகத்தில் ஒட்டினாற்போலப் பிடித்துக்கொண்டு பத்து செகண்ட் பதிவு செய்யுங்கள். கிளிக் ஹெட்ஃபோனில் வந்து, மைக்கில் ஏறி, புது டிராக்கில் எழுதப்பட்டிருக்கும். இரண்டு டிராக்கும் சரியாக ஒன்றன்கீழ் ஒன்று இருக்க வேண்டும்.

மவுஸ் சக்கரத்தை உருட்டி உருட்டிப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். முதலில் இரண்டு கோடுகளும் ஒன்றாகத் தெரியும். பிறகு பிரியும். இன்னும் பெரிதாக்கினால் மேலே உள்ள கிளிக் சட்டென்று எழும்பும் இடமும், கீழே உள்ளது எழும்பும் இடமும் நடுவே தட்டையான ஒரு வெற்றிடமும் தெரியும். அந்த வெற்றிடத்தை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தால் நீளம் எவ்வளவு என்று ரீப்பரே காட்டும்.

டீச்சருக்கு வந்தது 10 மில்லிசெகண்ட், அதாவது 480 சாம்பிள். டிரைவர் தன் தாமதத்தைக் குறைத்துச் சொல்கிறது, ரீப்பரும் அதை நம்பிக் குறைவாகவே ஈடுகட்டுகிறது. ப்ரெஃபரன்சஸில் ஆடியோவுக்குக் கீழே ரெக்கார்டிங் பக்கம் போய், அவுட்புட் மேனுவல் ஆஃப்செட்டில் அந்த அளவைப் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். மாணவி மேல் ஒரு தப்பும் இல்லை என்று அவளிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

ஜூன் 24

சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோட்யூன் பற்றிச் சண்டையே நடந்திருக்கிறது. என் பங்குக்கு.

டீச்சர் ஆசைப்பட்டு, ரீப்பரோடு வரும் அந்த வகைக் கருவியான ரியாட்யூனைப் போட்டுப் பார்த்திருக்கிறார். தோடி பாடியதில் காந்தாரம் போய்விட்டது என்றார். போகத்தான் செய்யும். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற சுரம் இல்லை, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உருவம். தானாகத் திருத்தும் கருவிக்குப் பன்னிரண்டு படிகள்தான் தெரியும். அசைகிற சுரத்தைக் கண்டால் இது தவறு என்று பிடித்து ஏதோ ஒரு படியில் நிறுத்திவிடும். மிஞ்சுவது படிக்கட்டில் ஏறி இறங்குகிற குரல்.

ஆனால் "கர்நாடக சங்கீதத்தில் இதைத் தொடவே கூடாது" என்று சொல்பவர்களோடும் என்னால் சேர முடியவில்லை. முக்கால் மணி நேரம் பாடிய அருமையான பதிவில் கடைசி மேல் சட்ஜம் மட்டும் தொண்டை களைத்துக் கொஞ்சம் இறங்கியிருந்தால் அதைத் திருத்துவதில் என்ன குற்றம்? சட்ஜமும் பஞ்சமமும் அசையாத சுரங்கள். அந்தக் கார்வையை மட்டும் இரண்டு பக்கமும் வெட்டி, எஃப்2 அழுத்தி, பிட்ச் அட்ஜஸ்டில் 0.20 என்று ஏற்றிக் கேளுங்கள். ஒரு அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. வெட்டிய இடங்களில் சின்ன கிராஸ்ஃபேட் (ஒன்று தேய மற்றது எழும் இணைப்பு) வையுங்கள். கேட்கிறவருக்குத் தெரியாது, பாடகரின் கமகம் ஒன்றுகூடக் கெடாது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

ஜூன் 25

ஒருவர், "இதையெல்லாம் ஒரே பிளகின் பார்த்துக்கொள்ளாதா?" இல்லை.

ஜூன் 27

பெரிய பதற்றம். டீச்சர் ப்ராஜெக்ட்டைப் பென் டிரைவில் போட்டு வேறு கணினியில் திறந்தால் டிராக் எல்லாம் காலி, மீடியா ஆஃப்லைன் என்கிறது. இத்தனை நாள் உழைப்பு போய்விட்டதா என்று கேட்கிறார்.

எதுவும் போகவில்லை டீச்சர். ஆர்பிபி என்று முடிகிற அந்தக் கோப்பில் குரல் இல்லை. எந்தக் குரல் எந்த இடத்தில் இருக்கிறது, எங்கே வெட்டியது, எவ்வளவு ஏற்றியது என்ற குறிப்புகள் மட்டும்தான். நோட்பேடில் திறந்தால் நீங்களே படிக்கலாம். குரல் வேவ் கோப்புகளாகப் பழைய லேப்டாப்பில் பத்திரமாக இருக்கிறது. அங்கே ப்ராஜெக்ட்டைத் திறந்து சேவ் ஆஸ் கொடுங்கள். அந்த ஜன்னலின் அடியில் ப்ராஜெக்ட்டுக்குத் தனி ஃபோல்டர் உருவாக்கவும், எல்லா மீடியாவையும் அதற்குள் நகலெடுக்கவும் டிக் பெட்டிகள் இருக்கும். இரண்டையும் போட்டு, அந்த ஃபோல்டரை முழுசாக நகலெடுங்கள்.

இடம் எவ்வளவு வேண்டும் என்றால், 48000, 24 பிட், மோனோ: நிமிடத்துக்கு 8.6 எம்பி. ஒரு மணி நேரம் 520 எம்பியை ஒட்டி. இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ள முடியாத அளவு ஒன்றும் இல்லை.

புதிதாகத் தொடங்குகிற எல்லோரும், ஒரு சுரம் பாடுவதற்கு முன்னாலேயே ப்ராஜெக்ட்டுக்கு ஒரு பெயர் வைத்து, அந்த டிக்கோடு சேவ் செய்துவிடுங்கள்.

ஜூலை 2

"நீங்கள் இதையெல்லாம் எங்கே கற்றீர்கள், புத்தகம் உண்டா?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள்.

ரீப்பர் தளத்திலேயே ஜெஃப்ரி ஃபிரான்சிஸ் எழுதிய பயனர் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது. பெரியது, முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம், பொருளடக்கத்தில் தேடுங்கள். கென்னி ஜியோயா என்பவரின் ரீப்பர் மேனியா காணொளிகள் ஒவ்வொன்றும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லும், ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தால் போதும், திரையைப் பார்த்தே புரியும். இதையெல்லாம்விட எனக்கு அதிகம் உதவியது கேள்விக்குறி விசை. அதை அழுத்தினால் ரீப்பர் செய்யக்கூடிய அத்தனை வேலையும் பட்டியலாக வரும், மேலே உள்ள பெட்டியில் ஒரு வார்த்தை போட்டால் வடிகட்டித் தரும். எந்த மெனுவுக்குள் இருக்கிறது என்று ஞாபகம் வைக்கவே வேண்டாம்.

தமிழில்தான் அதிகம் இல்லை. அதனால்தான் இங்கே இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். பாட்டு வாத்தியார்கள், நாட்டுப்புறப் பாட்டுச் சேகரிக்கிறவர்கள், கதை படித்துப் பதிவு செய்கிறவர்கள் என்று எத்தனையோ பேர் ஒரு பொத்தான் தெரியாமல் நின்றுபோயிருக்கிறார்கள்.

ஜூலை 3

கேள்வி கேட்கிறவர்களுக்கு. "வேலை செய்யவில்லை" என்று எழுதாதீர்கள். காதில் என்ன கேட்கிறது என்று எழுதுங்கள். பின்னால் வருகிறது, குழாய்ச் சத்தம், ஒரு கட்டை ஏறியிருக்கிறது: டீச்சர் எழுதிய இந்த மூன்றிலும் விடை பாதி இருந்தது. கணினி மொழி அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை. அதோடு நேற்று சரியாக இருந்ததா, நடுவில் எதைத் தொட்டீர்கள் என்பதையும் சேருங்கள்.

பதில் சொல்கிறவர்கள் ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் சொல்லுங்கள். ஐந்து மாற்றத்தை ஒரே மூச்சில் சொன்னால், சரியானாலும் எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது.

ஜூலை 8

டீச்சரின் கடைசிக் கேள்வி: பாடத்தை மாணவிகளுக்கு எந்த வடிவில் அனுப்புவது?

கண்ட்ரோல், ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ரெண்டர் ஜன்னல், பதிவை ஒரே கோப்பாக வெளியே எடுக்கும் இடம். முதலில் வேவ், 24 பிட், 48000 என்று ஒன்று எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து அதே ஜன்னலில் எம்பி3, 192 கேபிபிஎஸ் என்று இன்னொன்று. குரலுக்கும் தம்புராவுக்கும் அது தாராளம், நிமிடத்துக்கு ஒன்றரை எம்பிக்குள் அடங்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆடியோவாக அனுப்பாமல் டாகுமென்ட்டாக இணைத்து அனுப்புங்கள், கோப்பு நீங்கள் வைத்த பெயரோடு அப்படியே போய்ச் சேரும். குரல் மட்டும் ஒன்று, தம்புராவும் தாளமும் மட்டும் ஒன்று என்று இரண்டாகப் பிரித்து அனுப்பினால் இன்னும் நல்லது. இரண்டாவதை ஓடவிட்டு மாணவி தானே பாடிப் பார்க்கலாம். பிரித்தெடுக்க, குரல் டிராக்கின் எம் பொத்தானை அழுத்திவிட்டு மறுபடி ரெண்டர் கொடுங்கள்.